பொற்காசுக்கு வாய் இல்லை



உங்கள் வகுப்பில் தபால் தலை சேர்ப்பவர் ஒருவராவது இருப்பார். பழைய நாணயம் சேர்ப்பவரும் ஒருவர் இருப்பார். தாத்தாவின் பெட்டியிலிருந்து கிடைத்த ஓட்டைக் காலணாவையும், ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து காட்டுவார். நாமும் ஆசையோடு வாங்கிப் பார்ப்போம். உடனே யாராவது ஒருவர் கேட்பார்: "இது இப்போது என்ன விலை போகும்?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பழைய காசைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதானா? வேறு கேள்வி ஒன்று உண்டு என்பது என் கருத்து. அதை விளக்க, நாணயம் சேர்ப்போர் உலகெங்கும் ஏங்கும் ஒரு காசை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெயின் நாட்டு மன்னர்கள் அமெரிக்கக் கண்டத்தின் பெரும் பகுதியை ஆண்ட காலத்தில் அங்கே அச்சிடப்பட்ட பொற்காசு அது.

காசு பிறந்த கதை

அந்தப் பொற்காசுகளின் பெயர் எஸ்குடோ. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்ற மதிப்புகளில் அவை வெளிவந்தன. அவற்றுள் பெரியது எட்டு எஸ்குடோ. அதன் எடை ஏறத்தாழ 27 கிராம். 22 காரட் தங்கம். நம் வீடுகளில் உள்ள நகைகளின் மாற்றும் பெரும்பாலும் அதுதானே!

மெக்சிகோ நகரில் 1535-ஆம் ஆண்டின் ஆணைப்படி நாணயச் சாலை ஏற்பட்டது. ஆனால் அங்கே தங்கக் காசு அடிக்கத் தொடங்கியது 1679-இல்தான். பெரு நாட்டின் லிமா நகரில் 1696-இல் தொடங்கினார்கள். அடித்த முறை மிக எளியது. உருக்கிய தங்கத்தைக் கட்டியாக வார்ப்பார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். எடை சரியாகும் வரை ஓரங்களைக் கத்தரிப்பார்கள். பிறகு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். காசு ஆயிற்று!

இதனால் எந்த இரண்டு காசும் ஒன்றுபோல் இராது. ஒன்று சப்பையாக இருக்கும். ஒன்று கோணலாக இருக்கும். அச்சின் பாதி காசில் விழுந்திருக்கும். மீதி வெளியே போயிருக்கும். எடை மட்டும் சரியாக இருக்கும். அரசுக்கு வேண்டியதும் அதுதான். மெக்சிகோவில் 1732-இல் திருகு அச்சு இயந்திரம் வந்த பிறகே அழகிய வட்டக் காசுகள் உருவாயின.

லிமாவில் அடித்த காசின் ஒரு பக்கத்தில் சிலுவை இருக்கும். மறு பக்கத்தில் கடல் அலைகளின் மேல் இரண்டு தூண்கள் நிற்கும். தூண்களைச் சுற்றிச் சில எழுத்துகள் உண்டு. ஓர் எழுத்து எந்த நகரில் அடித்தது என்று சொல்லும். சில எண்கள் ஆண்டைச் சொல்லும். இன்னோர் எழுத்து மிக முக்கியமானது. அது தங்கத்தின் மாற்றைப் பார்த்த அதிகாரியின் அடையாளம். மாற்றுக் குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காகவே அந்த எழுத்தைப் பொறித்தார்கள். காசைத் தொட்ட மனிதர் ஒருவரின் கையெழுத்து 300 ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் இருக்கிறது என்றால் வியப்பல்லவா?

காசைச் சோதித்தால் அரசின் வண்டவாளமும் வெளிப்படும். 1772-இல் ஸ்பானிய அரசு தன் தங்கக் காசின் மாற்றை ஆயிரத்துக்கு 917 பங்கிலிருந்து 901 ஆகக் குறைத்தது. 1786-இல் மேலும் குறைத்து 875 ஆக்கியது. இதை மக்களுக்கு அறிவிக்கவில்லை. காசின் எடை மாறவில்லை. தங்கம் மட்டும் குறைந்தது. அந்த ரகசியத்தை இன்று எக்ஸ்-கதிர் கருவி நொடியில் சொல்லிவிடும்.

ஆர்க்கிமிடீசின் சோதனையைக்கூடச் செய்து பார்க்கலாம். தூய தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். செம்போ வெள்ளியோ கலந்த 22 காரட் தங்கத்துக்கு அது ஏறத்தாழ 17.6 முதல் 18 வரை இருக்கும். ஆகவே 27 கிராம் எடையுள்ள காசை நீரில் தொங்கவிட்டு நிறுத்தால் எடை ஏறத்தாழ 1.5 கிராம் குறைய வேண்டும். அதே அளவில் பித்தளையில் செய்து முலாம் பூசிய போலிக் காசு 13 கிராம்கூடத் தேறாது, தராசே காட்டிக்கொடுத்துவிடும்.

சில உலோகங்கள் இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடியவை. அவற்றுள் ஒன்று பிளாட்டினம். அதன் அடர்த்தி 21.45. சிறிது செம்பைக் கலந்தால் 22 காரட் தங்கத்தின் அடர்த்திக்கே வந்துவிடும். இன்றைய கொலம்பியாவில் தங்கத்தோடு சேர்ந்தே அது கிடைத்தது. அக்காலத்தில் யாரும் அதை மதிக்கவில்லை. தங்கத்தில் அதைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று அஞ்சிய ஸ்பானிய அதிகாரிகள் பிளாட்டினத்தை ஆற்றில் கொட்டச் செய்தார்கள்!

ஆற்று மணலில் அந்தத் தங்கத்தை அரித்தெடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். அவர்களுடைய பெயர் எந்தக் காசிலும் இல்லை. இதையும் நாம் மறக்கக் கூடாது.

வெள்ளி பேசும், தங்கம் பேசாது

ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டே இவ்வளவும் அறிய முடிகிறது. பிறகு என்ன குறை என்று கேட்கலாம். காசு எங்கே, எப்போது பிறந்தது என்பதை அது சொல்லும். பிறந்த பிறகு எங்கே போனது, யாரிடம் இருந்தது, எப்படிக் கடலில் விழுந்தது என்பதைச் சொல்லாது. அதிலும் தங்கக் காசு சொல்லவே சொல்லாது. இதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது.

கடலடியில் வெள்ளிக் காசு கிடந்தால் என்ன ஆகும்? காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டுகளிலிருந்து ஹைடிரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அது வெள்ளியைத் தாக்கிக் கருநிற வெள்ளிச் சல்பைடாக மாற்றுகிறது. பக்கத்துப் பக்கத்துக் காசுகள் ஒட்டிக்கொள்கின்றன. மரப்பெட்டி உளுத்துப் போன பிறகும், பெட்டி இருந்த வடிவிலேயே காசுகள் கட்டியாக இறுகிக் கிடந்ததைப் பல கப்பல்களில் கண்டிருக்கிறார்கள். அதாவது வெள்ளிக்குத் தன் அண்டை அயலார் யார் என்ற நினைவு இருக்கிறது.

தங்கத்தின் செய்தி வேறு. ஆக்சிஜனோ, கடல் உப்போ, சல்பைடோ அதை எளிதில் ஒன்றும் செய்வதில்லை. நைட்ரிக் அமிலமும் ஹைடிரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜதிராவகத்தில் அது கரையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே கடலில் 300 ஆண்டுகள் கிடந்தாலும் தங்கக் காசு பெரும்பாலும் நேற்று அடித்ததுபோல் மின்னும். எல்லோரும் போற்றும் இந்தக் குணந்தான் ஆராய்ச்சியாளருக்குத் தொல்லை. துருவில்லை, கறையில்லை, ஆகவே சாட்சியும் இல்லை. தங்கக் காசின் வரலாறு அதன் உடம்பில் இல்லை. அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடந்தது.

1715-ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று கியூபாவின் ஹவானா துறைமுகத்திலிருந்து ஒரு கப்பற்கூட்டம் ஸ்பெயினுக்குப் புறப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அமெரிக்காவின் புளோரிடாக் கடற்கரைக்கு அருகே கடும் புயலில் சிக்கியது. 11 ஸ்பானியக் கப்பல்கள் அழிந்தன. நூற்றுக்கணக்கான மாலுமிகளும் பயணிகளும் மாண்டனர். அந்தக் கப்பல்களின் காசுகள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. உரிமம் பெற்ற குழுவினர் அவற்றைத் தேடி எடுக்கிறார்கள்.

2015-இல் அப்படி ஒரு குழு 101 பொற்காசுகளைக் கண்டெடுத்தது. ஆனால் 51 காசுகளுக்கு மட்டுமே முறைப்படி கணக்குக் காட்டியது. மீதி 50 காசுகளை மறைத்துவிட்டது. அவற்றுள் 37 காசுகளை மீட்டுவிட்டதாகப் புளோரிடா மாநில அதிகாரிகள் 2024 நவம்பரில் அறிவித்தனர். அறிவிப்பில் ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. மறைத்த காசுகளில் மூன்றை 2016-இல் மீண்டும் கடலடியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள்! புதிதாகப் பணம் முதலீடு செய்ய வந்தவர்கள் அவற்றைக் "கண்டெடுக்க" வேண்டும் என்பதற்காக!

சிந்தித்துப் பாருங்கள். அந்த மூன்று காசுகளும் உண்மையான காசுகள். உண்மையான தங்கம். அடர்த்தி சரி, அச்சு சரி, எக்ஸ்-கதிர்ச் சோதனையும் சரி. ஆனால் அவை கிடந்த இடம் பொய். காசு வாய் திறந்து, "ஐயா, என்னை நேற்றுத்தான் இங்கே போட்டார்கள்" என்று சொல்லுமா? சொல்லாது. ஓர் ஆராய்ச்சியாளர் அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, "கப்பலின் இன்ன பகுதி இங்கே உடைந்தது" என்று எழுதியிருந்தால் அந்த முடிவு முழுவதும் தவறாகியிருக்கும். காசு திருடு போனால் திருப்பிப் பெறலாம். இடம் திருடு போனால் திருப்பிப் பெற வழியே இல்லை.

இரண்டு கப்பல்கள், இரண்டு வழிகள்

1804 அக்டோபர் 5 அன்று, போர்ச்சுகலுக்குத் தெற்கே ஆங்கிலேயக் கப்பல்களுடன் நடந்த சண்டையில் மெர்சிடிஸ் என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. இருநூறு பேருக்கு மேல் இறந்தனர். 2007-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அங்கிருந்து ஏறத்தாழ 6 இலட்சம் காசுகளை அள்ளி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிற்று. பெரும்பாலும் வெள்ளி, சிறு பகுதி தங்கம். கப்பல் எங்கள் கடற்படையைச் சேர்ந்தது, அது எங்கள் வீரர்களின் கல்லறை என்று ஸ்பெயின் வழக்குத் தொடுத்தது. காசுகள் அடிக்கப்பட்டது எங்கள் மண்ணில் என்று பெரு நாடும் உரிமை கேட்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் ஸ்பெயினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. 2012 பிப்ரவரியில் 17 டன் எடையுள்ள அந்தக் காசுகள் இராணுவ விமானங்களில் ஸ்பெயின் போய்ச் சேர்ந்தன. இன்று கார்த்தகேனா நகர அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். காசுகள் திரும்பின. ஆனால் கடலடியில் அவை கிடந்த நிலை திரும்பவில்லை.

இனி மற்றொரு கப்பல். 1708 ஜூன் 8 அன்று ஆங்கிலேயக் கடற்படையோடு பொருதி, கொலம்பியக் கடற்கரைக்கு அருகே சான் ஹோசே என்ற கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் அது கிடப்பதை 2015-இல் கண்டதாகக் கொலம்பிய அரசு அறிவித்தது. அங்கே விரைந்து போய்க் காசுகளை அள்ளவில்லை. ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவியை அனுப்பித் துல்லியமான படங்களை எடுத்தார்கள். பல கோணங்களில் எடுத்த படங்களைக் கணிப்பொறியில் இணைத்துக் காசுகளின் உருவத்தை அமைத்துப் பார்த்தார்கள். 2025-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அதன் முடிவைக் கேளுங்கள். காசுகளின் குறுக்களவு ஏறத்தாழ 32.5 மில்லிமீட்டர். அலைகளின் மேல் இரண்டு தூண்கள் தெரிந்தன. லிமா நகரின் எழுத்து தெரிந்தது. மாற்றுப் பார்த்த அதிகாரியின் எழுத்தும் தெரிந்தது. ஆண்டு 1707. ஆகவே இந்தக் கப்பல் 1707-க்கு முன்பு மூழ்கியிருக்க முடியாது. மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் பார்த்தால் இது சான் ஹோசே என்பது உறுதிப்படுகிறது. ஒரு காசையும் தொடாமலே கண்ட முடிவு இது! காசு கிடந்த இடத்திலேயே இருந்ததால்தான் அதன் சாட்சி செல்லுபடியாயிற்று. அதன் பிறகே, 2025 நவம்பரில், ஆய்வுக்காக ஒரு பீரங்கியும் ஒரு பீங்கான் கோப்பையும் சில காசுகளும் மேலே கொண்டுவரப்பட்டன.

இரண்டில் எது அறிவியல் வழி? உங்களுக்கே விளங்கும்.

மறுப்பவர்கள் சொல்வது

என் கருத்தை எல்லோரும் ஏற்பதில்லை. அவர்கள் வாதத்தையும் கேட்க வேண்டும். "கடலடியில் தேடுவதற்குப் பெரும் செலவாகும். காசுகளை விற்காவிட்டால் அந்தச் செலவை யார் தருவார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். "நாணயம் சேர்ப்போர் பாதுகாத்து வைத்திராவிட்டால் இந்தக் காசுகளில் பல எப்போதோ உருகி வளையலாகியிருக்கும்" என்கிறார்கள். இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. எந்த ஆண்டில், எந்த நகரில், எத்தனை வகை அச்சுகள் இருந்தன என்பதைப் பொறுமையாகப் பட்டியலிட்டவர்களில் பலர் பள்ளி கல்லூரி சாராத, ஆர்வம் ஒன்றையே மூலதனமாகக் கொண்ட சேகரிப்பாளர்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வாதத்துக்கு என் பதில் இது. தங்கம் கெடுவதில்லை, எனவே அவசரமும் இல்லை. ஆழ்கடலில் 300 ஆண்டு பொறுத்த காசு இன்னும் 30 ஆண்டு பொறுக்கும். அதற்குள் கருவிகள் மேம்படும்; செலவும் குறையும். 1708-இல் மூழ்கிய காசை 2025-இல் தொடாமலே படித்தோம் என்றால், 2055-இல் எதைப் படிப்போமோ! ஆழம் குறைந்த இடங்களில் அலையும் புயலும் காசுகளைச் சிதறடிப்பது உண்மைதான். அங்கே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு காசும் கிடைத்த இடத்தை அளந்து குறித்த பிறகு எடுக்கட்டும். சிதறலில்கூட ஓர் ஒழுங்கு உண்டு. கப்பல் எந்தத் திசையில் உடைந்தது என்பதை அது காட்டும்.

ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2001-இல் உருவாக்கிய உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. நீருக்கடியில் உள்ள பழம்பொருளை இருக்கும் இடத்திலேயே காப்பதுதான் முதல் வழி; வணிகத்துக்காக அள்ளக் கூடாது. இந்த உடன்படிக்கை 2009 முதல் நடைமுறையில் உள்ளது.

நமக்கும் இதில் வேலை உண்டு

ஸ்பானியப் பொற்காசு நம் கைக்கு எங்கே வரப்போகிறது என்று நினைக்கிறீர்களா? தங்கம் வராவிட்டாலும் வெள்ளி நம் ஊருக்கே வந்திருக்கிறது. ஸ்பானிய அமெரிக்காவின் எட்டு ரியால் வெள்ளிக் காசுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தது. 1807, 1808 அளவில் சென்னை நாணயச் சாலையில் அரைப் பூவராகன் என்ற வெள்ளிக் காசை அடித்தார்கள். ஒரு பக்கம் கோபுரம். மறு பக்கம் திருமால். அவரைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. சில அரைப் பூவராகன்கள் ஸ்பானியக் காசின் மேலேயே அடிக்கப்பட்டவை. கூர்ந்து பார்த்தால் நம் எழுத்துக்கு அடியில் பழைய அச்சின் சுவடு மங்கலாகத் தெரியும். அமெரிக்கச் சுரங்கத்திலிருந்து சென்னைக் கடைத்தெரு வரை ஒரு காசு வந்த வழி அந்தச் சுவட்டில் இருக்கிறது. "அழுக்காக இருக்கிறதே" என்று யாராவது புளி போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? காசு பளபளக்கும். கதை போய்விடும்.

ஆகவே நாணயம் சேர்க்கும் நண்பர்களுக்குச் சில யோசனைகள். காசைத் தேய்க்காதீர்கள், ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். உறையின் மேல் எடை, குறுக்களவு ஆகியவற்றோடு, யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்தத் தேதியில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். கேட்டுத் தெரிந்ததை "சொன்னார்கள்" என்றே எழுதுங்கள், கண்டதுபோல் எழுதாதீர்கள். எங்கே கிடைத்தது என்று விற்பவர் சொல்ல மறுத்தால் அந்தக் காசு எவ்வளவு அரியதானாலும் வாங்காதீர்கள்.

வயலிலோ வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ பழங்காசுக் குவியல் கிடைத்தால், கலைக்காமல் அப்படியே விட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் செய்ய வேண்டாம். குவியலில் உள்ள காசுகளில் மிகப் பிந்தியது எதுவோ, அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோதான் அதைப் புதைத்திருக்க வேண்டும். சான் ஹோசே கப்பலின் காலத்தை அறிய உதவியதும் இதே தர்க்கந்தான். பத்துக் காசை ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டால் பத்துப் பேருக்கும் காசு கிடைக்கும். அந்தத் தர்க்கம் யாருக்கும் கிடைக்காது.

அடுத்த முறை உங்கள் நண்பர் கைக்குட்டையை அவிழ்த்து ஒரு பழங்காசைக் காட்டும்போது, விலையைப் பிறகு கேட்கலாம். முதலில் கேளுங்கள்: "இது எங்கே கிடந்தது?" அவர் சொல்லும் பதிலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, காசோடு சேர்த்து வையுங்கள்.